பத்துத் திசைத் தேங்காய்

என் மாமா கணக்கில் கெட்டிக்காரர். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கெட்டிக்காரராக இல்லாமல் வெறும் ஆளாக இருந்திருந்தால், அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் ஊர் மலையாள எல்லைச் சித்தூருக்குக் கிழக்கே, வயலும் தென்னந்தோப்புமாகக் கிடந்தது. அம்மா பிறந்த ஊரோ மலையடிவாரத்தில், பஸ் எட்டாத இடம். அதனால் மாமா எங்கள் வீட்டில் தங்கி, சித்தூர் கல்லூரிக்குப் போய்க் கணக்குப் படித்தார். எம்.எஸ்ஸி. முடித்த பிறகும் கிளம்பவில்லை. வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும் என்று இருந்துவிட்டார். அப்பா ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. மச்சினன் தின்கிற சோற்றை அளந்து பார்க்கிற ஆள் இல்லை அவர். அப்பா அவரை மாப்ள என்பார், அவர் அப்பாவை மாமா என்பார். மாமாதான் ஒவ்வொரு கவளத்தையும் மனசுக்குள் அளந்துகொண்டிருந்தார் என்று பெரியவளான பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் இது நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். வீட்டில் ஒரே பேச்சு, அத்தையின் கல்யாணம். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. பெற்றவர்கள் இல்லை, அப்பாதான் கரையேற்ற வேண்டும். வயசு ஏறிக்கொண்டே போகிறது என்று வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் ஒரு வாய் சொல்லிவிட்டுத்தான் காப்பி குடித்தார்கள்.

மாப்பிள்ளை வராமல் இல்லை. வந்தவர்களை எல்லாம் அப்பா தட்டிக் கழித்தார். ஜோசியர் பார்க்கும் பொருத்தம் முடிந்ததும் அப்பாவின் சொந்தப் பொருத்தம் ஆரம்பிக்கும். இத்தனைக்கும் அவர் ராஜகுமாரனைக் கேட்கவில்லை. "எதுலயும் நடுவாந்தரமா இருந்தாப் போதும்" என்பார், பெரிய தியாகம் செய்கிற மாதிரி.

உயரம் நடுவாந்தரமாக இருக்க வேண்டும், நிறமும் அப்படியே. நிலம் அதிகம் இருந்தால் மிச்சபூமி என்று சர்க்கார் எடுத்துக்கொள்ளும், குறைவாக இருந்தால் தங்கச்சி களையெடுக்கப் போக வேண்டும். படிப்பு கூடினால் அவன் நம்மை மதிக்க மாட்டான், குறைந்தால் நம்மால் அவனை மதிக்க முடியாது. வீடு பக்கத்தில் என்றால் வாராவாரம் கோபித்துக்கொண்டு வந்து நிற்பாள், தூரம் என்றால் செத்தால்கூடச் சேதி வராது. கூடப்பிறந்தவர்கள் நிறைய இருக்கக் கூடாது, ஒண்டிக்கட்டையாகவும் இருக்கக் கூடாது. மாமியாரின் வாய், மாப்பிள்ளையின் கோபம், சாமி பக்தி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. கள்ளில் மட்டும் நடுவாந்தரம் கிடையாது. தொட்டிருக்கவே கூடாது. தென்னைக்குத் தென்னை கலயம் கட்டியிருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார்.

இந்த நேரத்தில்தான் மாமா என் புளியங்கொட்டைகளைப் பிடுங்கிக்கொண்டார்.

பல்லாங்குழி ஆட நான் சேர்த்து வைத்தவை. சாணி மெழுகிய களத்தில் அடுப்புக்கரியால் பெரிய சதுரம் ஒன்றைக் கிழித்து, அதற்குள்ளே நாலு பக்கமும் தொடுகிற மாதிரி ஒரு வட்டம் போட்டார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகுக்குப் பின்னால் கொட்டைகளை வீசச் சொன்னார். சதுரத்தில் விழுந்ததில் வட்டத்துக்குள் எத்தனை, வெளியே எத்தனை என்று எண்ணினார். மறுபடி பொறுக்கி மறுபடி வீச வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது.

"எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விழோணும் கண்ணு. உன் கை மூலைக்கே போக மாட்டேங்குது."

"எங்க உழுந்தா உங்களுக்கென்னுங்க? என்ற கொட்டையக் குடுங்க, நான் போறேன்."

கொடுக்கவில்லை. அப்பா தோப்பிலிருந்து வந்தவர் களத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்ள இது, பேய் ஓட்டறயா?"

மாமாவுக்குக் கேட்க ஆள் கிடைத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் கொட்டைகளில் முக்காலுக்கு மேல் வட்டத்துக்குள்தான் விழும் என்றார். இது நீளம், அகலம் என்று இரண்டு திசை. உயரமும் சேர்த்தால் மூன்று. ஒரு பெட்டிக்குள் அதன் சுவர்களைத் தொடுகிற மாதிரி ஒரு பந்து இருந்தால், பெட்டியில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் பந்து, மீதி எல்லாம் மூலைகள். நாலு திசைக்குப் போனால் மூன்றில் ஒரு பங்குகூட உள்ளே இல்லை.

"இரு இரு. நாலாவது திசை எங்கீடா இருக்குது? கைய நீட்டிக் காட்டு, பாக்கலாம்."

"காட்ட முடியாதுங்க மாமா. கணக்குல மட்டுந்தான் இருக்குதுங்க."

"கண்ணுல காட்ட முடியாத நெலத்துக்கு வரி கட்டச் சொல்ற வில்லேஜ் ஆபீசர் மாதிரியல்ல இருக்குது உன் பேச்சு."

மாமா விடவில்லை. பத்துத் திசைக்குப் போனால் பந்துக்குள் விழுவது நானூற்றில் ஒன்று என்றார். அப்பா நம்பாமல் பார்க்கவே, பக்கத்தில் கிடந்த ஒரு முற்றிய தேங்காயைத் தூக்கிக் காட்டினார். இதில் மட்டை கொஞ்சம், உள்ளே காய் கொஞ்சம். பத்துத் திசையுள்ள தேங்காய் ஒன்று இருந்தால், மட்டை இதே கனம் இருந்தாலும், அதில் கிட்டத்தட்ட எல்லாமே மட்டைதான். நடுவில் இருக்கிற காய் ஊறுகாய் அளவுக்குக்கூடத் தேறாது.

"அப்படியாப்பட்ட தேங்காய எந்த மரத்துல பறிச்சே?"

"உங்க மரத்துலதாங்க. மாப்பிள்ளைக்கு நீங்க வெச்சிருக்கற அளவு பத்து. ஒவ்வொண்ணும் ஒரு திசை. ஒவ்வொண்ணுலயும் நடு வேணுங்கறீங்க. தனித்தனியாப் பாத்தா எல்லாத்துலயும் நடுவுல ஆளு இருக்குது. பத்தும் ஒண்ணாச் சேந்தா நடு காலிங்க மாமா. அங்க ஆருமே இல்ல. ஒவ்வொருத்தனும் ஏதாவது ஒண்ணுல ஓரத்துல நிப்பான்."

அப்பா தேங்காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு அத்தையைக் கட்டிக்கொள்ள ஆசை. முறையில் தடையே இல்லை. பெண் எடுத்த வீட்டிலேயே பெண் கொடுப்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். தன் அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மீதியை அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் சோறு போடுகிற வீட்டில் பெண்ணையும் கேட்பதா என்று அவருக்கு வெட்கம். வருகிறவன் எவனும் தேற மாட்டான் என்று நிரூபித்துவிட்டால், அப்பா அலுத்துப்போய்த் தானாகவே வீட்டுக்குள் திரும்பிப் பார்ப்பார் என்று கணக்குப் போட்டார். அதுதான் அவர் போட்ட உண்மையான கணக்கு. மற்றதெல்லாம் புளியங்கொட்டை.

மறுநாள் சதுரத்தை அழித்துவிட்டு வரிசையாகப் பத்துக் கோடு கிழித்தார். ஒவ்வொரு கோட்டிலும் நடுப்பாதியைக் கரியால் தடித்துவிட்டார். கள்ளுக்கு மட்டும் நடுப்பாதி என்றால் தொடாதவன் என்று வைத்துக்கொண்டார். கோட்டுக்கு ஒரு கொட்டை நான் போட வேண்டும். பத்துக் கொட்டை சேர்ந்தால் ஒரு மாப்பிள்ளை. பத்தும் நடுப்பாதியில் விழுந்தால் அவன் தேறினான். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்வாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவளாகத்தான் வந்தாள்.

அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு கொட்டை மாப்பிள்ளைக்கும் ஒரு கதை கட்டுவாள். "இவன் ஒசரம் செரி, நெறம் செரி. ஆனா இவங்கம்மா வாயத் தொறந்தா காக்கா செத்து உழும்." அடுத்தவனுக்கு நிலம், படிப்பு எல்லாம் சரியாக விழுந்து, கடைசிக் கொட்டை கள் கோட்டின் ஓரத்துக்கு ஓடும். "அட ஆண்டவனே, கலயத்தோட போயிட்டான்." மாமா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். நான் ஒருத்தி குனிந்து குனிந்து இடுப்பு ஒடியப் பொறுக்குவேன். நாள் கணக்கில் போட்டோம். ஒருத்தனும் தேறவில்லை.

ஒரு சாயங்காலம் அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்ப எனக்கு ஆருமே கெடைக்க மாட்டாங்களாங்க?"

"பத்துத் திசையிலயும் பாத்தாக் கெடைக்க மாட்டாங்க."

"எங்கண்ணன்தான் பத்துப் பாக்குது. நான் பாக்கலீங்க. நான் ஒரே திசையிலதான் பாக்கறேன்."

இதைவிட வெளிப்படையாக ஒரு பெண் என்ன சொல்ல முடியும்? களத்தில் எங்கள் மூன்று பேரைத் தவிர ஒரு கோழிதான் இருந்தது. மாமா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒரே திசைன்னா அது வெறும் கோடுங்க. கோட்டுல மூலையே இல்ல. அதுல கணக்குப் போட ஒண்ணுமே இருக்காது."

அத்தை எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் களத்துக்கு வரவில்லை. மாமா என்னிடம், "ஏன் கண்ணு, உங்கத்தைக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார். எம்.எஸ்ஸி. படித்தவர் கேட்ட கேள்வி அது.

ரொம்ப நாள் ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பல் தேய்த்து முகம் கழுவிவிட்டு வந்தார். மாமா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"மாப்ள, நீ சொன்னத நெனச்சு நெனச்சுப் பாத்தேன். நெசந்தான். பத்தும் பாத்தா என் தங்கச்சி கெழவியாயிருவா. நான்தான் கூமுட்டையாட்டம் இருந்துட்டேன்."

மாமாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இட்லியைக் கீழே வைத்துவிட்டார்.

"அதனால ஒம்பதை உட்டுப்போட்டேன். இனி ஒண்ணே ஒண்ணுதான். கள்ளத் தொடாதவனா இருந்தாப் போதும். குட்டையோ நெட்டையோ, இருக்கப்பட்டவனோ இல்லாதவனோ, வேற எதுவும் கேக்க மாட்டேன். நீ என்ன சொல்றே?"

மாமா கள்ளைத் தொட்டவர் இல்லை. அந்த வாடையே அவருக்கு ஆகாது. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அப்பா முகத்துக்கு நேரே நின்று, ஒரே ஒரு அளவை வைத்து, நீ என்ன சொல்றே என்று கேட்கிறார். அம்மா கரண்டியைப் பிடித்தபடி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறை நிலைப்படியில் அத்தையின் சேலை ஓரம் தெரிந்தது.

மாமா யோசித்துச் சொன்னார்: "ஒரே அளவுன்னா ரொம்பப் பேரு தேறிருவாங்களேங்க மாமா."

"தேறட்டும். எனக்கு ஒருத்தன் போதும்."

அந்த ஒருத்தன் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். முன்பு குட்டை என்று அப்பா கழித்துவிட்டவர்தான். திரும்பச் சொல்லி அனுப்பினார்கள். அந்த வாரமே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

நிச்சயம் முடிந்த அன்று மாமா களத்து ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். அத்தை ஒரு சொம்பில் மோர் கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள்.

"கணக்குச் செரியா வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு."

"நல்லதுங்க."

அவ்வளவுதான். இரண்டு பேரையும் பிடித்து உலுக்க வேண்டும் போல இப்போது எனக்கு வருகிறது. அப்போது வந்தது வேறு எரிச்சல். மாமா சொன்னதை அப்பாவே ஒப்புக்கொண்டாயிற்று. ஜெயித்த மனுஷன் எதற்கு இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்? இத்தனை நாள் கொட்டை பொறுக்கிய எனக்கு ஒரு மிட்டாயாவது வாங்கித் தரக் கூடாதா? நேரே போய்க் கேட்டேன். "நீங்கதானே மாமா ஜெயிச்சீங்க?" என்றேன். அவர் ஒரு எட்டணாவை எடுத்துக் கையில் வைத்துவிட்டு, மோரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அத்தை கெட்டுப்போய்விடவில்லை. குட்டை மாப்பிள்ளை நல்ல மனுஷர். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். மாமாவுக்குப் பீர்மேட்டில் வாத்தியார் வேலை கிடைத்தது. கடைசி வரைக்கும் தனியாகவே இருந்தார். யாராவது பெண் இருக்கிறது என்று சொன்னால், பார்க்கலாம் என்பார். எதைப் பார்க்கலாம் என்று அவருக்கே தெரியாது.

அத்தையின் கல்யாணத்தன்று பந்தியில் மாமாதான் ரசம் ஊற்றினார். ஒவ்வொரு இலைக்கும் குனிந்து, "போதுங்களா, போதுங்களா" என்று கேட்டுக் கேட்டு ஊற்றினார். கடைசிப் பந்தி முடிந்து கொல்லைப்பக்கம் கை கழுவ வந்தவரை அம்மா மடக்கிக்கொண்டாள். நான் எச்சில் இலைக் கூடையோடு பின்னால் நின்றிருந்தேன். அம்மா அழுதுகொண்டே தம்பியின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தாக் குடுத்திருப்பமேடா, பாவி."

நான் அம்மாவிடம், "மாமா என்ன கேட்டிருக்கோணும்மா?" என்றேன். "போய் எலையக் கொட்டீட்டு வாடி" என்று என் மேல் எரிந்து விழுந்தாள்.

கூடையைத் தூக்கிக்கொண்டு போகிற வழியெல்லாம் யோசித்தேன். மூன்று வேளை சோறு போட்டோம், படுக்கப் பாய் போட்டோம், துணி துவைத்துப் போட்டோம். வேலை கிடைக்கிற வரைக்கும் இரு என்று அப்பாவே சொல்லியிருந்தார். மாமா வாய் திறந்து கேட்கிற மாதிரி எங்கள் வீட்டில் வேறு என்ன இருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை.