பத்து நாற்பத்தொன்றுக்கு மேலே இருந்தது யார்?

திரைச்சீலைக் கடையில் அவளுக்கு மீட்டரக்கா என்று பெயர். துணி அளக்கும்போது ஒரு விரற்கடை கூடவும் விடமாட்டாள், குறையவும் விடமாட்டாள். நாற்பத்து மூன்று வயதில் முதுகு வலிக்கிறது என்று டாக்டரிடம் போனாள். அவர் நீந்தச் சொன்னார். நாலு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனது அவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி, மாடியில் குடியிருப்பவள், பத்து வயது இளையவள். ஆறு வருடமாக மூச்சடக்கி முங்குகிற சங்கத்தில் இருந்தாள். முதுகில் சிலிண்டர் கிடையாது. ஒரே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மிதவையில் கட்டித் தொங்கும் கயிற்றை ஒட்டியே கடலுக்குள் இறங்கி ஏற வேண்டும். குளத்தில் விளையாட்டாகச் சோதித்துப் பார்த்த அன்றைக்கே பெரியவள் இரண்டரை நிமிடம் முகத்தைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

"அக்கா, உங்களுக்கு இருக்கறது நுரையீரலா, கோணிப்பையா?"

"இருபது வருஷம் நம்ம மாமியார் பேசறப்பல்லாம் மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னேன்ல. சும்மா போகுமா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. கடலுக்குப் போன மூன்றாவது மாதம் பன்னிரண்டு மீட்டர். கீழே போனால் ஒருத்தரும் கூப்பிடமாட்டார்கள். கேஸ் வந்ததா, சட்டை காய்ந்ததா, சாவி எங்கே என்று கேட்க ஆள் கிடையாது. ஒன்றரை நிமிடம்தான். ஆனால் அது முழுக்க முழுக்க அவளுடையது.

ஆழம் கூடக் கூட, ஆழமும் நேரமும் காட்டுகிற, மணிக்கட்டில் கட்டுகிற டைவ் கம்ப்யூட்டர் வாங்காமல் முடியாது என்று ஆயிற்று. புருஷனும் கூட வந்தார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். மெஷின் என்று எது இருந்தாலும் அதில் தான் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கடையில் இருந்ததிலேயே பெரிய, தட்டு மாதிரி ஒரு கடிகாரத்தை எடுத்து நீட்டினார். சிலிண்டர் கணக்கு, திசைகாட்டி, வானிலை, இதயத் துடிப்பு எல்லாம் அதில் உண்டாம்.

"நான் தண்ணிக்குள்ள போறேனா, ராக்கெட்ல போறேனா? இதுல பாதி என்னன்னே எனக்குத் தெரியாது. தெரியாத சாமான கையில கட்டிக்கிட்டு கீழ போகச் சொல்றீங்களா?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நின்றார். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொரு கடிகாரத்தையும் மேசைக்கு அடியில் இருட்டில் பிடித்துப் பார்த்தாள். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு எண் தெரியவில்லை என்றால் அது எத்தனை ஜாலம் காட்டினால் என்ன? தலைக்கு ரப்பர் தொப்பி மாட்டினால் பீப் சத்தம் காதில் விழாது. அதனால் கையில் அதிர வேண்டும். பேட்டரி போனால் தானே நாணயத்தை வைத்துத் திருகி மாற்ற வேண்டும், ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆழத்தில் ரப்பர் உடை நசுங்கி மெலியும், வார் தொளதொளக்கும். அதனால் இழுத்தால் நீளுகிற வார் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தண்ணீரை விட்டு வந்த நொடியிலிருந்து மேலே எத்தனை நேரம் ஓய்வு எடுத்தோம் என்று அதுவே எண்ண வேண்டும். எத்தனை நிமிடம் கீழே இருந்தோமோ அதைப்போல் இரண்டு மடங்காவது மேலே மூச்சு வாங்கிவிட்டுத்தான் மறுபடி இறங்கலாம் என்பது சங்கத்துச் சட்டம்.

கடைசியில் ஒரு கறுப்புக் கடிகாரம் தேறியது. பார்க்கச் சோப்பு டப்பா மாதிரி இருந்தது. அதில் இரண்டு எடுத்தாள். ஒன்று ஓரகத்திக்கு. கற்றுக்கொடுத்தவளுக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? இரண்டிலும் மணியை ஒரே நொடியில் வைத்தார்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, அமுக்கு!" கடைக்காரரே எண்ணினார்.

சட்டம் இன்னொன்றும் உண்டு. ஒருத்தி இறங்கினால் மற்றவள் மேலே. கண்ணை எடுக்கக் கூடாது. வருகிறவளைப் பத்து மீட்டரில் போய் எதிர்கொண்டு, முகத்துக்கு முகம் பார்த்தபடி கூடவே ஏற வேண்டும். ஏறின பிறகும் அரை நிமிடம் அவள் முகத்தையே பார்க்க வேண்டும். ஏனென்றால் மயக்கம் ஆழத்தில் வராது. கடைசிப் பத்து மீட்டரிலோ, மேலே வந்து முதல் மூச்சு வாங்கின பிறகோதான் வரும். அப்போது பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் முகம் தண்ணீரில் குப்புற விழும். அவ்வளவுதான் கதை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவள் பதினெட்டு மீட்டர் தொட்டுவிட்டு வந்து மிதவையைப் பிடித்திருந்தாள். கொஞ்சம் தள்ளி மற்ற ஜோடிகளின் மிதவைகளும் கயிறுகளும், அதற்கப்பால் சங்கத்துப் படகில் படகுக்காரரும். கையில் கடிகாரம் ஓய்வு நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடம் ஆனால் அதிரும் என்று அவளே வைத்தது.

"போதும்க்கா, முகம் நல்லாத்தான் இருக்கு. கெளம்புங்க," என்றாள் ஓரகத்தி.

"இன்னும் அதிரலையேடி."

"அது மெஷின். நான் பாத்துக்கிட்டுல்ல இருக்கேன்?"

ஆறு வருடம் அனுபவம் உள்ளவள் சொல்கிறாள். பெரியவள் இறங்கினாள். பத்தொன்பது மீட்டர் தொட்டாள், ஏறினாள். மேலே வந்து ஒரு மூச்சு இழுத்தது வரை ஞாபகம் இருக்கிறது. அடுத்தது, வானம். யாரோ கன்னத்தில் தட்டி, கண்ணில் ஊதி, "மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க" என்று கத்தும் குரல். கண் திறந்தபோது தலை ஓரகத்தியின் தோளில் இருந்தது.

"பத்து மீட்டர்லேயே உங்க கண்ணு சரியில்லக்கா. கூடவே ஏறி வந்து, விழுறதுக்குள்ள புடிச்சுட்டேன்," என்று அழுதாள் அவள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் வீட்டில் சின்னவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். மாமியார் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். பெரியவள் மாடியின் பத்து ஜன்னலுக்கும் மூன்று மடிப்பு வைத்துப் புதுத் திரை தைத்தாள். கடையில் வேலை குவிந்து கிடந்தது. கிடக்கட்டும், உயிரைத் திருப்பிக் கொடுத்தவள். புருஷன் ஏணி பிடித்துக் கம்பி மாட்டிக் கொடுத்தார். என்னவோ ஒரு வார்த்தை பேசாமல் மாட்டினார்.

நாலாவது வாரம் சின்னவள் தன் கடிகாரத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"அக்கா, இத போன்ல ஏத்திக் குடுங்களேன். சங்கத்துல சான்றிதழுக்கு என்னோட ஆழக் கணக்கு கேக்கறாங்க. எனக்கு அந்த இழவெல்லாம் வராது."

அவளுக்கு வராதுதான். கடிகாரத்தில் அவள் பார்ப்பது ஒரே ஒரு எண், எத்தனை ஆழம் போனோம் என்பது. அதுபாட்டுக்கு இறங்கின நொடி, ஏறின நொடி, நடுவில் ஒவ்வொரு நொடியும் எந்த ஆழம் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கும் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

பெரியவள் இரண்டு கடிகாரத்தையும் சேர்த்தே ஏற்றினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கை தானாக நின்றது. தான் இறங்கினது பத்து நாற்பத்தொன்று, பத்தாவது நொடி. மேலே வந்தது பத்து நாற்பத்திரண்டு, நாற்பத்துநாலாவது நொடி. சின்னவள் இறங்கினது பத்து நாற்பத்தொன்று, முப்பத்தோராவது நொடி. ஏறினது பத்து நாற்பத்துமூன்று, இருபதாவது நொடி. ஆழம் இருபத்தாறு மீட்டர்.

கடிகாரம்தான் தப்போ என்று முதலில் நினைத்தாள். நம்பினவளைச் சந்தேகப்பட மனசு சட்டென்று வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், ஒரே நொடி. மற்ற முங்குகளைப் பார்த்தாள். நீ, நான், நீ, நான் என்று ஜிப் வைத்தது போல மாறி மாறி வந்தன. நடுவில் சில இடத்தில் மட்டும் பல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. அன்றைக்கு மட்டும் நாலு. முந்தைய ஞாயிறுகளில் ஏழு. பதினொரு தடவை தான் கீழே இருந்தபோது மேலே ஆளே இல்லை. ஓய்வு நேரம் பார்த்தாள். மூன்று நிமிடம் வேண்டிய இடத்தில் ஒரு நிமிடம் ஐம்பது நொடி.

மாடிக்குப் போனாள். சின்னவள் புதுத் திரையை ஒதுக்கிவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினாள்.

"பத்து நாப்பத்தொண்ணுக்கு நீ எங்கடி இருந்த?"

"என்னக்கா கேக்கறீங்க? உங்களத் தூக்கத்தான் கீழ வந்தேன். அதான் அதுல விழுந்திருக்கு."

"இருபத்தாறு மீட்டர்ல இருந்த. நான் போனதே பத்தொம்போது. எனக்கும் கீழ போயி என்னத்தடி தேடுன? நான் மேல வந்து முப்பத்தாறு நொடி கழிச்சு வந்திருக்க. இதுல கூடவே ஏறி வந்தாளாம். முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறியே, சோறாவது போதுமான்னு பாத்தியா?"

சின்னவள் துணியைக் கீழே வைத்தாள்.

"பக்கத்துக் கயிறு அப்பதான் காலியாச்சுக்கா. நம்ம கயிறு இருபதோட நின்னுடும், இருபத்தாறு தொடணும்னா அந்தக் கயிறுதான். ரெண்டு நிமிஷம்தானேன்னு... உங்களுக்குத்தான் மூச்சு நல்லா நிக்குமே. எப்பவும் ஒண்ணும் ஆனதில்லையே."

"அதுக்குத்தான் என்னய சீக்கிரமா கெளப்பிவிட்ட."

சின்னவள் புதுத் திரையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

"அப்ப என்னயத் தூக்கினது யாரு?"

"படகுக்காரர். அவர்தான் குதிச்சாரு. நான் வந்து வாங்கிக்கிட்டேன்." பிறகு குரல் உயர்ந்தது. "சாகலையில்ல? நல்லாத்தானே இருக்கீங்க? ஆறு வருஷமா நானும் கஷ்டப்படறேன். நீங்க வந்து எட்டே மாசம், எல்லாரும் உங்களயே பாக்கறாங்க."

சத்தம் கேட்டுப் புருஷன் படியேறி வந்து வாசலில் நின்றார். பெரியவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. ரிப்பேர் பண்ணின ஃப்ரிட்ஜ் மறுபடி நின்றுவிட்டது என்று சொன்னால் எப்படி நிற்பாரோ அப்படி நின்றார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"படகுக்காரர் அன்னிக்கே போன் பண்ணினாரு. நான்தான் வெளிய சொல்லாதீங்கன்னேன். தம்பி குடும்பம். வீடு ரெண்டாகிடக் கூடாதுன்னு பாத்தேன்."

"நான் போயிருந்தா வீடு ஒண்ணாவே இருந்திருக்கும், இல்ல?"

"ஏன் இப்படிப் பேசற? ஒண்ணும் ஆகலையே."

"அவளும் அதத்தான் சொல்றா. ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம் போல. பத்து ஜன்னல் தைச்சேன். ஏணி புடிச்சுக்கிட்டு நின்னீங்களே, அப்பக்கூட வாய் வரலையா?"

அவள் இறங்கிப் போய் அடுப்பில் வைத்த உலையைப் பார்த்தாள். கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைப் போட்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. கூட இருந்தே குழி பறித்தவளை விட, பறிப்பதைப் பார்த்துவிட்டு மேலே தழை போட்டு மூடினவர்தான் தொண்டையில் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனாள். போகாமல் இருக்க அவள் என்ன தப்பு செய்தாள்? சங்கத்துப் பலகையில் ஒவ்வொருவரும் தன் பெயருக்கு எதிரே ஜோடியின் பெயரை எழுத வேண்டும். எழுதாதவர் இறங்கக் கூடாது. மற்றவர்கள் எல்லாம் ஜோடி சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது அவளும் சின்னவளும். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு இருவர் பெயரையும் எழுதினாள். பெரியவள் தடுக்கவில்லை.

மிதவைக்குப் போனதும் சின்னவள் முதலில் இறங்கினாள். பெரியவள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் கயிற்றையே பார்த்தாள். நேரம் பார்த்து, மூச்சு இழுத்து, பத்து மீட்டருக்கு இறங்கி நின்றாள். கீழேயிருந்து சின்னவள் ஏறி வந்தாள். கண்ணுக்குக் கண் பார்த்தபடி இருவரும் சேர்ந்து ஏறினார்கள். மேலே வந்த பிறகும் அரை நிமிடம் பெரியவள் அவள் உதட்டின் நிறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூச்சு சீரானது. சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புத் தண்ணீரா என்னவோ.

"மன்னிச்சிருங்கக்கா. இனிமே சத்தியமா கண்ண எடுக்கமாட்டேன். இப்ப உங்க முறை, போங்க."

பெரியவள் கயிற்றைப் பார்த்தாள். கீழே நீலமாக, அமைதியாக, யாரும் கூப்பிடாத இடமாக இருந்தது. போக வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கேட்டது. இரண்டு தடவை மூச்சு இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது நெஞ்சுக்குள் இறங்கவில்லை. மிதவையை விட்டுவிட்டுப் படகுக்கு நீந்தினாள்.

படகுக்காரர் கை கொடுத்துத் தூக்கினார். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏம்மா, எறங்கலையா?"

"மூச்சு இருக்குங்க. மேல நிக்கத்தான் ஆளில்ல," என்றாள். "அன்னிக்கு தூக்குனதுக்கு இன்னும் உங்களுக்கு நன்றி சொல்லல. நன்றி. ஆனா நீங்களும் எங்கிட்ட சொல்லியிருக்கணும்."

அவர் ஒரு துண்டை எடுத்து நீட்டினார். அவள் வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டு, அடுத்த முங்குக்குத் தனியாக மிதவையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த சின்னவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.