மாமனாரின் நூத்தியிருபது

அந்தக் காரின் கதவைச் சாத்தினால் இரும்பு பீரோவைச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். கல்யாணமான மறுநாள் ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போக முதல்முறையாக அதில் ஏறியபோது, அந்தச் சத்தத்தில் நான் திடுக்கிட்டுப் போனேன். என் மாமனார் ஓட்டுகிற சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்து, "கேட்டியாம்மா, இதான் அமெரிக்கா சத்தம்" என்றார். சத்தம் அமெரிக்காவுடையதாகவே இருக்கட்டும். பின்சீட்டில் அடித்த புண்ணாக்கு வாசனை தியாகதுருகத்துடையது. தோட்டத்துக்கு மாட்டுத் தீவனமும் அதில்தான் போகும். பட்டுப்புடவையோடு அந்த வாசனையில் உட்கார்ந்துகொண்டு, இந்த வீட்டில் நமக்கு என்ன மாதிரி வாழ்க்கை காத்திருக்கிறதோ என்று யோசித்தது நினைவிருக்கிறது.

ஊரார் அதைக் கொக்கு வண்டி என்பார்கள். மூக்கு நுனியில் கழுத்தை வளைத்தபடி ஒரு வெள்ளிப் பறவை நிற்கும். வீட்டில் அதற்கு நூத்தியிருபது என்று பெயர். மணிக்கு நூற்றிருபது மைல் போகும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள், மாமனாரும் மறுக்கமாட்டார். உண்மையில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம் நூற்றிருபது அங்குலம். கம்பெனிக்காரன் அதையே மாடலுக்குப் பெயராக வைத்துவிட்டான். நாற்பதுக்கு மேல் அது ஓடி நான் பார்த்ததில்லை. வேகத்துக்கு வைத்த பெயர் என்று ஊர் நினைத்தது, நீளத்துக்கு வைத்த பெயர் அது.

வண்டியோடு ஒரு கட்டு ஆங்கிலப் பத்திரிகைகளும் வந்திருந்தன. மாமனார் எழுத்துக் கூட்டிக் கூட்டி அவற்றைப் படித்து அந்தக் கம்பெனியின் பூர்வோத்தரம் முழுவதையும் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். பால்காரர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த சம்பந்தி, உர மூட்டை இறக்க வந்தவர், யாரானாலும் சரி, காபி கொடுத்து உட்காரவைத்து ஆரம்பித்துவிடுவார். ஒற்றைச் சிலிண்டரில் தொடங்கியது. பிறகு உலகத்திலேயே முதல் வரிசையில் வைத்துப் பேசப்பட்ட பன்னிரண்டு சிலிண்டர் வண்டி, மகாராஜாக்களும் பிரசிடெண்டுகளும் ஏறியது. பிறகு அமெரிக்காவில் பஞ்ச காலம் வந்து பெரிய வண்டி வாங்க ஆளில்லாமல் போனபோது, நடுத்தரக் குடும்பங்களுக்காகப் பாதி விலைக்கும் குறைவாகப் போட்ட எட்டு சிலிண்டர் நூத்தியிருபது. யுத்தத்துக்குப் பிறகு வந்த உப்பிய மாடலுக்கு அமெரிக்காக்காரனே கர்ப்ப யானை என்று பட்டப்பெயர் வைத்தானாம். அதைச் சொல்லும்போது மட்டும் நான் பக்கத்தில் இருக்கிறேனா என்று பார்த்துக் குரலைத் தாழ்த்துவார். கடைசியில் வேறொரு கம்பெனியின் உடம்பில் தன் பெயரை ஒட்டி விற்று, அந்தப் பெயரும் காணாமல் போனதோடு கதை முடியும். எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இடையில் அவர் மறந்தால் சமையலறையிலிருந்தே எடுத்துக் கொடுக்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

கதையில் ஒரு முள் இருந்தது. எங்கள் பக்கத்து ஜமீனில் இரண்டு கார்கள் இருந்தனவாம். பன்னிரண்டு சிலிண்டர் ஜமீன்தாருக்கு, நூத்தியிருபது அவருடைய மேனேஜருக்கு. ஜமீன் நொடித்தபோது பெரியதை மதராஸ்காரர் ஒருவர் கொண்டுபோய்விட்டார். மேனேஜர் வண்டியை மாமனாரின் அப்பா வாங்கினார். சிறு வயதில் ஒரே கொட்டகையில் இரண்டையும் பார்த்தவர் மாமனார். தன் வீட்டுக்கு வந்தது இரண்டாந்தரம் என்பதை அவரால் ஜீரணிக்க முடிந்ததே இல்லை. அதனால்தான் கதையின் நீதியாக எப்போதும் இதைச் சொல்வார்: "கம்பெனி கெட்டதே இந்த நூத்தியிருபதாலதான். எல்லாருக்கும் குடுக்கறேன்னு கீழ எறங்கினான், பேரு பூடுச்சு." இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் முழுக்க மறியல் நடந்த வருஷங்கள் அவை. மாமனார் இந்த நீதியை அப்படியே தூக்கி அதற்கும் பொருத்துவார். படிப்பையும் வேலையையும் பங்கு போட்டால் நூத்தியிருபது கதைதான் என்பார். மறியலுக்குப் போனவர்களில் எங்கள் நிலத்தை வாரத்துக்கு உழுதவர்களும் இருந்தார்கள், எங்கள் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். அவர் பேச்சைக் கேட்டு யாரும் சண்டைக்கு வரவில்லை. கிழவருக்குக் கார் பைத்தியம் என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வேலை வந்தது. கல்வராயன் மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளியில் ஆசிரியை வேலை. பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, காத்துக் காத்து இனி வராது என்று விட்டுவிட்டபோது வந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வோம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். மறுநாளே பஸ் பிடித்துப் போய்விடலாம் என்றிருந்தேன். என் கணவர் உளுந்தூர்பேட்டையில் லாரி ஷெட்டில் வேலையாக இருந்தார், அவரும் போ என்றுதான் சொல்லி அனுப்பினார். மாமனார் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் இருந்தார். ஊர் பூராவும் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் வீட்டு மருமகள் பள்ளிக்கூட வாசலில் நூத்தியிருபதிலிருந்துதான் இறங்கவேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். அதற்கு ரேடியேட்டர் ஹோஸ் மாற்றவேண்டும். அமெரிக்க ஹோஸுக்கு எங்கே போவது? லாரி ஹோஸ் ஒன்றை வெட்டிப் பொருத்த நாளாயிற்று. பிறகு அஷ்டமி, நவமி. பிறகு அவர் பார்த்த நல்ல நாள், கெடு முடிகிற கடைசி நாளாக அமைந்தது.

அதற்குள் மறியல் தொடங்கிவிட்டது. ரோடு நெடுக மரங்களை வெட்டிப் போட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. கல்வராயன் மலைப் பெண்கள் சாமையும் புளியும் கொண்டுவந்து சந்தையில் விற்றுவிட்டு நடந்தே திரும்புவார்கள், அவர்களோடு சேர்ந்து நடந்துவிடுகிறேன் என்று மாமனாரிடம் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "எங்க வூட்டு பொண்ணு நடந்து போயி வேலைல சேர்ந்தான்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான்" என்று முடித்துவிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இத்தனை வயதுக்குப் பிறகும் அடங்கவில்லை.

கெடு முடிகிற அன்று காலையில் காரிலேயே கிளம்பினோம். கள்ளக்குறிச்சி வரைக்கும் போலீஸ் மரங்களை ஒதுக்கி வழி விட்டிருந்தது. அதைத் தாண்டி, கச்சிராயபாளையம் போகும் ரோட்டில் ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. நாற்பது ஐம்பது பேர் அதன்மேலும் கீழுமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாக இருந்தவர் தலைப்பாகை கட்டிய ஒரு குடியானவர். வேலையில் சேரப் போகிறேன் என்று நான் சொன்னதும் மரியாதையாக எழுந்தார். "வண்டி போவாதுங்க. அம்மாவ மட்டும் எறக்கி உடுங்க, சைக்கிள்ல மலையடிவாரம் கொண்டுபோயி உடச் சொல்றேன்" என்றார். நான் பையை எடுத்துவிட்டேன். மாமனார் என்னைக் கையமர்த்திவிட்டு வெயிலில் இறங்கினார். முன்பின் தெரியாதவன் சைக்கிளில் மருமகளை ஏற்றுவதா? பேசி மரத்தை நகர்த்தவைக்கலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது. பேச்சைத் தொடங்குவதற்குள் கூட்டத்தில் ஒருவர் வண்டியைத் தடவிப் பார்த்து, இது இன்னா வண்டிங்க என்று கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான். ஒற்றைச் சிலிண்டரில் ஆரம்பித்தார். மரத்தின்மேல் இருந்தவர்கள் இறங்கி வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். மறியலில் பொழுது போகாமல் கிடந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? பானெட்டைத் திறந்து காட்டினார். பறவையைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னார். சூரியன் உச்சிக்கு வந்து சாய ஆரம்பித்தது. நான் காருக்குள் பையை மடியில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டு சிலிண்டர் முடிந்து நூத்தியிருபது எப்போது வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக வந்தது. வந்ததும், யார் எதிரில் நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அந்த நீதியையும் சொல்லிவிட்டார். எல்லாருக்கும் குடுக்கப் போனான், பேரு பூடுச்சு.

தலைப்பாகைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "இன்னாங்க சொல்ல வரீங்க?" என்றார்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். "மாமா, அவன் நூத்தியிருபது போடாம இருந்திருந்தா, நாம இன்னைக்கு எதுல வந்திருப்போம்?" என்று கேட்டேன். அத்தனை பேர் எதிரில் மாமனாரை அப்படிக் கேட்ட மருமகள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. யாரோ பின்னாலிருந்து, "கட்டவண்டிலதாம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தலைப்பாகைக்காரரும் சிரித்துவிட்டார்.

மாமனார் சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. ஏறு, வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் ஏறவில்லை. அவரே வண்டியைத் திருப்ப முயன்றார். அந்த ரோட்டின் அகலத்துக்கும் அந்த வண்டியின் நீளத்துக்கும் ஒத்துவரவில்லை. முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், கடைசியில் பின்சக்கரம் வாய்க்காலில் இறங்கி, வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட்டது. இனி மரமே தேவையில்லை என்று மறியல்காரர்கள் கைதட்டினார்கள். தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர் உட்கார்ந்திருக்க, நான் ஒரு பெரியவரின் சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டு போனேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மலையடிவாரத்தில் கோமுகி அணைப் பக்கம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மலைக்குப் போகும் ஜீப் ஓடவில்லை. தெரிந்தவர் வீட்டில் படுத்திருந்து, விடிந்ததும் மலைப் பெண்களோடு நடந்தேன். பள்ளியில் ஒரு பெண் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மாலை வந்து சேர்ந்த புது டீச்சர். எனக்கு அடுத்த ஆள், கெடு நாள் மாலைக்குள் நான் வராவிட்டால் சேர்ந்துகொள்ளும்படி அவளுக்கு முன்பே தகவல் போயிருந்ததாம். சந்தைக்கு வந்த பெண்களோடு சேர்ந்து நடந்தே ஏறி வந்துவிட்டாளாம். பெரிய வாத்தியார் நல்ல மனிதர், என்னை உட்காரச் சொல்லி எனக்கும் ஒரு தட்டு வைக்கச் சொன்னார். அவளே எனக்கும் கஞ்சி ஊற்றினாள். அப்புறம் மனுப் போட்டேன், அலைந்தேன், பிள்ளைகள் பிறந்தார்கள், வயது வரம்பு தாண்டியது. தியாகதுருகத்தில் ஒரு தனியார் பள்ளியில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு இருபது வருஷத்துக்குமேல் பாடம் நடத்தினேன்.

இன்றைக்கும் வீட்டில் காதுகுத்து, கல்யாணம் என்று கூடினால் அந்த மறியல் கதை வந்துவிடும். பேரப்பிள்ளைகள் போனில் அந்த மாடலைத் தேடி எடுத்து இப்போது என்ன விலை என்று வாயைப் பிளப்பார்கள். மறியல்காரர்களுக்கே தாத்தா கிளாஸ் எடுத்தார், கடைசியில் வண்டியே மறியல் பண்ணியது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் பந்தியில் சோறு போட்டுக்கொண்டே கேட்பேன். அன்றைக்கு அந்த வண்டி யாருக்காக, எங்கே போய்க்கொண்டிருந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அன்றைக்கு அந்த வண்டியில் என்னோடு இருந்தவர் மாமனார் ஒருவர்தான். அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில், ஒருநாள் கஞ்சி கொடுக்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு கச்சிராயபாளையம் ரோட்டுல…" என்று தொடங்கி நிறுத்தினார். கண்ணில் தண்ணீர். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் கழித்தாவது என்று மனசு அடித்துக்கொண்டது.

"ஸ்டியரிங்க இன்னும் ஒரு சுத்து ஒடிச்சிருந்தா வண்டி திரும்பியிருக்கும், இல்லம்மா?" என்றார்.

"திரும்பியிருக்கும் மாமா" என்றேன்.