செய்தி வாசிக்கும் அக்கா

தமிழ்ச் செய்தி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் குளித்துவிட்டுப் பொத்தான் வைத்த சட்டை போட்டுக்கொள்வார். எண்ணெய் தடவிய தலையோடு அம்மாவிடம் வந்து, வகிடு எடுத்துவிடச் சொல்லிக் குனிந்து நிற்பார். செய்தி வாசிக்கும் அக்கா திரையில் தோன்றி "வணக்கம்" என்றதும் இவரும் கைகூப்பி "வணக்கங்க்கா" என்பார். வெற்றுடம்போடு யாராவது தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "அக்கா பாக்குறாங்கல்ல, போயி பாஜு போட்டுட்டு வா" என்று விரட்டுவார்.

அண்ணன் என்னைவிடப் பல வயது மூத்தவர். சிறுவயதில் வந்த ஒரு மூளைக் காய்ச்சலோடு அவருடைய மனம் வளராமல் நின்றுவிட்டது. சுங்கை சிப்புட் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டம் எண்ணெய்க்கான செம்பனைக்கு மாறி, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அண்ணனோடு விளையாடியவர்கள் எல்லாம் ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். ஒரு நாள் தவறாமல் அவர் முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்ன வெளியாள் அந்த அக்கா ஒருவர்தான். படம் எப்போதும் மங்கலாகத்தான் வரும். மழை பெய்தால் அக்காவுக்கு இரண்டு முகம் தெரியும். அண்ணன் இரண்டுக்கும் வணக்கம் சொல்வார்.

ஒரு மழைக்காலத்தில் அம்மா போய்விட்டார். அண்ணன் அழவில்லை. சுடுகாடு வரை போய்த் திரும்பி வந்தவர், "அம்மா எப்ப வரும்?" என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான்தான் சொன்னேன். "அம்மா இனிமே வராதுண்ணே." தலையை மட்டும் ஆட்டிக்கொண்டார். கருமாதியன்று அம்மாவின் படத்துக்கு முன்னால் வாழை இலை போட்டுச் சோறு படைத்ததைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு, ஜெலாப்பாங் தொழிற்சாலையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதும் நான் செய்கிற முதல் வேலை அவருக்கு வகிடு எடுப்பதாகிவிட்டது.

அம்மா போன துக்கம் ஆறுவதற்குள் பழைய ஒளிபரப்பை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாற்றினார்கள். அன்று நான் வந்தபோது திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அண்ணன் சட்டை போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். "அக்கா லேட்டு" என்றார்.

புது டிகோடர் பெட்டி வாங்கி வந்தேன். அதைப் பொருத்த வந்த தம்பி கூரைமேல் ஏறி ஏரியலை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தான். நான் உள்ளேயிருந்து "இல்ல, இன்னும் இல்ல" என்று கத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் சட்டையெல்லாம் துருவாக இறங்கி வந்தான்.

"மலை மறைக்குதுக்கா. முன்ன மாதிரி மங்கலா எல்லாம் இதுல வராது. வந்தா முழுசா வரும், இல்லாட்டி ஒன்னுமே இல்ல. இந்த எடத்துல இனிமே வராது லா."

அண்ணன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூரையில் செயற்கைக்கோள் தட்டு வைத்தால் படம் கிடைக்கும் என்று அந்தத் தம்பி சொன்னான். ஆனால் லயத்தை உடைக்கப் போகிறோம், எதையும் புதிதாக மாட்டக்கூடாது என்று தோட்ட ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் மாலை வீட்டுக்குள் நுழைந்தேன். அணைந்து கிடந்த தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு வாழை இலை. காலையில் அண்ணனுக்காக ஆக்கி வைத்துவிட்டுப் போன சோறு முழுவதும் அதில் கொட்டியிருந்தது. அவர் சட்டையில்லாமல் சுவரோரம் சுருண்டு படுத்திருந்தார்.

"என்னண்ணே இது?"

"அக்காவும் செத்துட்டாங்க பாப்பா."

"இல்லண்ணே, அவங்க நல்லாத்தான் இருக்காங்க. நம்ம வீட்டுக்குத்தான் படம் வரல."

"அந்தத் தம்பி சொன்னானே, இனிமே வராதுன்னு."

பிறகு அழுதார். அம்மாவுக்கு அழாத அழுகை எல்லாம் அன்று வந்தது. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு நானும் அழுதேன். அடுத்த நாட்களில் அவர் குளிக்கவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. வகிடு எடுக்கச் சீப்போடு போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எப்படியும் வீட்டைக் காலி செய்யவேண்டியதுதான். நான் அவசரப்படுத்தி ஜெலாப்பாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். மூட்டைகளைப் பிரிப்பதற்கு முன்பே தொலைக்காட்சியை மாட்டச் சொன்னேன். மாலையில் அண்ணனை வற்புறுத்திக் குளிக்கவைத்து, சட்டை போட்டு உட்காரவைத்தேன். அவர் முகம் மலர்வதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும்.

அக்கா வந்தார். அவ்வளவு தெளிவாக அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. காதுத் தோடுகூடத் தெரிந்தது. "வணக்கம்" என்றார். அண்ணன் கைகூப்பவில்லை. எழுந்து போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தார். "வந்துட்டாங்க!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு பார்க்கிற சிரிப்பு. அதே சிரிப்போடு விடுவிடுவென்று போய் வாசல் கதவைத் திறந்து, நீண்ட நடைவழியின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"அப்ப அம்மாவும் இங்கதானே வரும், பாப்பா?"

ஒருமுறை சொன்ன "இனிமே வராது" என்பதை நான் மறுபடியும் சொல்லவில்லை. இன்றைக்கும் செய்தி முடிகிறவரை எங்கள் வீட்டுக் கதவைச் சாத்த அவர் விடுவதில்லை.