நாமகிரிப்பேட்டை கிட்டார்

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பேய் பிசாசு எதிலும் நம்பிக்கை கிடையாது. சுடுகாட்டு வழியாகவே கச்சேரிக்குப் போய் வந்தவன் நான். இது நடந்தது பட்டப்பகலில், அதனால்தான் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

யுத்த காலம். சேலத்தில் ஒரு படக் கம்பெனியில் பிடில் வாசித்துக்கொண்டிருந்தேன். பிடில்காரர்கள் அதிகம் என்று என்னை நிறுத்தப் பார்த்தார்கள். கிட்டார் வாசித்தால் வைத்துக்கொள்வதாகக் கம்பெனியின் சங்கீத வாத்தியார் சொன்னார். ஏற்காட்டுத் துரை ஒருவர் விட்டுப்போன உடைந்த கிட்டாரை நாமகிரிப்பேட்டை ஆசாரி ஒருவர் பழுதுபார்த்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, விடியவிடிய ஒத்திகை முடித்த கையோடு பெட்ரோல் பஞ்சத்தால் கரி எரித்து ஓட்டிய கரி பஸ் ஏறினேன். வழியில் இரண்டு முறை இறங்கித் தள்ளினோம். போய்ச் சேர்ந்தபோது நிற்கக்கூடத் தெம்பில்லை.

"பின்பலகை வெடிச்சிருந்துதுங்க. ஊட்டுல கெடந்த பழைய பலகையைச் சீவி ஒட்டியிருக்கறேன், வாசிச்சுப் பாருங்க" என்று பட்டறையில் என்னை உட்கார வைத்துவிட்டு ஆசாரி தண்ணீர் கொண்டுவரப் போனார். சுருதி கூட்டிப் பார்த்தேன், நாதம் நன்றாகத்தான் இருந்தது, ஒட்டு மட்டும் கொஞ்சம் கனம், வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன்.

விழித்தபோது என் விரல்கள் வாசித்துக்கொண்டிருந்தன. நான் கேட்டே இராத ஒரு தாலாட்டு. எதிரே ஆசாரியின் மனைவி நிலைப்படியைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"ஏனுங்க, இது என்ற பாட்டுங்க. நானே கட்டினது. உங்களுக்கு ஆரு சொன்னாங்க?"

செம்போடு வந்த ஆசாரி அதைக் கீழே வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு மனைவியிடம் சொன்னார், "பாப்பாவோட தொட்டில் பலகைதான் வெச்சு ஒட்டினேன். வேற மரம் கெடைக்கல. உங்கிட்டச் சொல்ல வாய் வரல."

குழந்தை இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லையாம். அவள் அழவில்லை. என் மடியிலிருந்து கிட்டாரை மெதுவாக, கழுத்துக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டாள்.

"இதை விக்க வேண்டாமுங்க" என்றாள். நானும் கேட்கவில்லை.

வேலை போயிற்று. பள்ளிபாளையத்தில் ஒரு நூல் கடையில் உட்கார்ந்தேன், கல்யாணமும் ஆயிற்று. இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னதே இல்லை. போன மாசம் காலையில் காப்பி கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "தூக்கத்துல தெனமும் பாவாயி, பாவாயின்னு கூப்புடறீங்களே, ஆருங்க அது?"

எங்கள் உறவில் பாவாயி என்று யாருமில்லை. அந்தக் குழந்தையின் பெயரை அன்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. நாமகிரிப்பேட்டைக்குப் போய்க் கேட்டுவிடலாம், பஸ் இருக்கிறது. நான்தான் போகவில்லை.