அல்வால் சேற்றுத் தட்டான்கள்

எனக்கு வேலை போன வருடம் அது. மென்பொருள் கம்பெனியில் எங்கள் குழு முழுவதையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். கணவர் ஆபீஸ் கிளம்பியதும், செகந்திராபாத்தை ஒட்டிய அல்வாலில் எங்கள் வீட்டின் பின்பக்க பால்கனியில் போய் உட்கார்ந்துவிடுவேன். கீழே, ஏரியின் கசிவில் ஊறிக்கிடந்த சதுப்பு. அதன் கோரைகளில் சிவப்புத் தட்டான்கள் ஒன்பதோ பத்தோ இருந்தன. வேறெங்கும் போகாமல் அந்தச் சேற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றைப் பார்க்கத்தான் காலையில் படுக்கையை விட்டு எழுந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு திங்கட்கிழமை ஒரு லாரி, இடித்த கட்டடத்தின் கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து சதுப்பில் கொட்டியது. செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடினேன். நிறுத்துங்கள், உள்ளே உயிர் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். டிரைவர் பதறி இறங்கி, குழந்தை ஏதும் விழுந்துவிட்டதா என்று தேடினார். தட்டான் என்றதும் அடுத்த லோடுக்குப் போய்விட்டார்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு அக்கா வந்தார். பல தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அக்கா லாலாகுடா ரயில்வே ஒர்க் ஷாப்பில் கிளார்க், அன்று லீவு. அவர் தமிழில் ஊர் இந்தி கலந்திருக்கும்: 'எதுக்கு' என்பதற்குக் 'கைக்கு', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'.

"கைக்கு இப்படி அழுவுறே? அதுக்கு றெக்க இருக்கு, பறந்துபோயிடும்."

"குஞ்சுங்கல்லாம் தண்ணிக்குள்ள இருக்குக்கா. அதுங்களால பறக்க முடியாது."

அக்கா உள்ளே போய் ஒரு வாளியும் டீ வடிகட்டியும் எடுத்து வந்தார். மாலை வரை, கல் விழாத ஓரத்தில் முழங்கால் சேற்றில் நின்று இருவரும் அலசினோம். பழுப்பு நிறத்தில், ஆறு கால்களோடு, இருபத்து மூன்று கிடைத்தன. வாளியை பால்கனியில் வைத்துவிட்டு, பல வாரங்களுக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டேன்.

காலையில் பதினொன்றுதான் இருந்தன. மதியம் நான்கு. ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. தனித்தனியாக வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மிஞ்சிய நான்கையும் நான்கு டம்ளர்களில் விட்டேன். அவையும் அந்த வாரமே செத்தன.

"நான்தான்க்கா கொன்னுட்டேன்."

"நக்கோ, அப்படிப் பேசாதே. அங்க விட்டிருந்தா கல்லுக்கடியில போயிருக்கும்."

அது ஆறுதலாக இல்லை.

சதுப்பு மேடாகிவிட்டது. வளர்ந்த தட்டான்கள் மட்டும் வந்தன. வாசலில் நின்ற கறுப்புக் காரின் பளபளப்பைத் தண்ணீர் என்று நம்பி, வால் நுனியால் தொட்டுத் தொட்டு முட்டையிட்டன. கை வைத்தால் சுடும் தகரம். போர்வையை எடுத்துப்போய்க் காரை மூடினேன். கார்க்காரர் திட்டினார். மறுநாளும் மூடினேன். மூன்றாம் நாள் ஒரு தட்டான்கூட வரவில்லை. போர்வையைக் கையில் பிடித்தபடி மதியம் வரை வெயிலில் நின்றிருந்தேன்.