பாக்கியராஜ் வயரில் பூக்கட்டும் நூல்

அறுபத்தெட்டில், சோழவரம் கார் பந்தயத்துக்காக, ஒரு மெக்கானிக் ஷெட்டில் ஹெரால்டு காரில் ஜீப் எஞ்சினை ஏற்றினார்கள். பழைய வயர் எதுவும் எட்டவில்லை. நீட்டி ஒட்டுப்போடுகிற வேலை எலக்ட்ரீஷியன் பாக்கியராஜுக்கு. ஆள் கெட்டிக்காரன்தான், ஆனால் சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒன்று. பெண்டாட்டி செண்பகத்துக்கு மட்டுமே அது தெரியும். கல்யாணமானதிலிருந்து, சோறு கொண்டுவருகிற சாக்கில், சிவப்பு வயருக்கெல்லாம் பூக்கட்டும் நூலில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போவாள்.

அன்று முதலாளி பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னாடா இது, நூலு?"

பாக்கியராஜுக்கு வேர்த்துவிட்டது. குட்டு உடைந்தால் வேலை போய்விடும்.

"திருஷ்டிக்கு, மொதலாளி," என்றாள், சோற்றுத் தூக்கோடு பக்கத்தில் நின்ற செண்பகம். "இம்மாம் பெரிய எஞ்சினு. ஊரு கண்ணு பட்டுடப் போவுது."

முதலாளி யோசித்தார். "அப்ப ஸ்டேரிங்குக்கும் ஒண்ணு கட்டு."

செண்பகம் பயபக்தியோடு ஏழெட்டு முடிச்சாகப் போட்டாள். பாக்கியராஜ் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டான்.