அழகருக்குத் தெரிந்த டேக்

கூடலூர் அழகருக்கு ஆங்கிலத்தில் தெரிந்த வினைச்சொல் ஒன்றுதான்: டேக். அதை வைத்துக்கொண்டே மூன்று வருடமாகக் குமுளிக்கு வரும் வெள்ளைக்காரர்களைத் தன் ஜீப்பில் ஏற்றி இறக்கினார். ஏறி உட்காரச் சொல்ல வேண்டுமா, "டேக் சீட்." வளைவு வருகிறது, கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதற்கு "டேக் கம்பி." கடை வந்தால் "டேக் டீ." அருவிக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும் என்றால் "ஒன் அவர் டேக்." குரங்கு கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும் என்று எச்சரிக்க "மங்கி டேக்." மிச்சத்தைக் கையும் முகமும் பார்த்துக்கொண்டன.

அதற்கு முன் இருபது வருடம் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தவர். பதினான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் ஜீப்பில் டிரைவர் வாயைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. தோட்டத்துக்காரர்கள் சொந்தமாக வேன் வாங்கியதும் அந்தச் சவாரி நின்றுபோனது. இப்போது குமுளியில் ஒரு தங்கும் விடுதி கொடுக்கும் சவாரிதான். அதுவும் போனால் ஜீப்பை விற்க வேண்டியதுதான்.

விடுதி மேனேஜர் செல்வின் போடிக்காரர், மரியாதையான ஆள். அழகரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பியும் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணே, இனிமே டிரைவர்மாரு எல்லாரும் முறையா இங்கிலீஷ் பேசணுமாம், மொதலாளி சொல்லிட்டாக. ஞாயித்துக்கிழமை ஒரு ஜோடிய அனுப்புறேன். சாயந்தரம் அவுகள்ட்டயே கேப்பேன். சரின்னா நீங்க. இல்லேன்னா இங்கன ஒரு பையன் கேட்டுக்கிட்டு இருக்கான்."

அழகரின் மகள் நதியா தேனியில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். பத்து வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். வாக்கியத்துக்கு ஒரு வினைச்சொல். எதுவும் திரும்ப வரவில்லை. டேக் என்பதை அன்றைக்கு ஒரு தடவைகூடச் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்த சந்தனம்மாள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேசாம இருந்துட்டு வந்தாலே போதும். அதுக்கு எதுக்கு பத்து வரி?"

அழகர் ஜீப்பைக் கழுவும்போதும் குளிக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்து, சனிக்கிழமைக்குள் பத்தையும் மனப்பாடம் செய்துவிட்டார்.

ஞாயிறு காலை அந்த ஜோடி வந்தது. ஓங்குதாங்கான மனிதர், சிவப்புத் தொப்பி போட்ட மனைவி. அழகர் நிமிர்ந்து நின்று முதல் வரியைச் சொன்னார். சிரித்தார்கள். இரண்டாவதைச் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். மூன்றாவதுக்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மனிதர் நெஞ்சைத் தொட்டு, "பிரான்ஸ்" என்றார். பிறகு, "இங்கிலீஷ்..." என்று இழுத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கடுகளவு காட்டினார்.

வெள்ளைக்காரருக்கு ஆங்கிலம் தெரியாமல் இருக்கும் என்று அழகர் அதுவரை நினைத்ததே இல்லை. அந்தப் பெண் மலைப்பாதையைக் கைகாட்டி, "கோ?" என்றாள். அவர்கள் கைவசம் இருந்தது அதுதான். கோ டீ, கோ போட்டோ, கோ டாய்லெட். அழகர் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு, மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டும்வரை எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தார்.

முதலில் போனது அழகருக்குப் பழக்கமான விவசாயி காமராஜின் தோட்டத்துக்கு. பந்தலெல்லாம் திராட்சை, ஆள் உயரத்துக்குக் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. ரோட்டோர இரண்டு வரிசைக்கு நேற்றுத்தான் மருந்தடித்ததாகக் காமராஜ் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பெண் அதே வரிசையில் ஒரு பழத்தைப் பறித்து வாய்க்குக் கொண்டுபோனாள். அழகரின் தலைக்குள் பத்து வரியும் ஓடின. வரவேற்க வரி இருந்தது, நன்றி சொல்ல இருந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"நோ டேக்!"

தோட்டமே அதிர்ந்தது. பழம் கீழே விழுந்தது. அவள் முகம் சுருங்கிவிட்டது. ஜீப் கைவிட்டுப் போயிற்று என்றே அழகர் நினைத்தார். ஆனாலும் காரணத்தைச் சொல்லியாக வேண்டுமே. முதுகில் டேங்க் மாட்டிய மாதிரி குனிந்தார். இடக்கையால் பம்ப் அடித்து, வலக்கையால் கொடிக்கு மருந்து தெளித்தார். ஒரு பழத்தை வாயில் போடுவதாகக் காட்டி, வயிற்றைப் பிடித்து, நாக்கைத் தள்ளி, காமராஜின் தோளில் சாய்ந்தார்.

"ஏப்பா, நல்ல சட்டைய்யா இது," என்றார் காமராஜ்.

முதலில் புருஷன் சிரித்தார். பிறகு அவள், தொப்பி கழன்று விழும்வரை. காமராஜ் உள்வரிசையிலிருந்து ஒரு கொத்தை வெட்டி, மோட்டார் தண்ணீரில் அலசிக் கொடுத்தார்.

"டேக்," என்றார் அழகர். இனி மறைக்க என்ன இருக்கிறது. சாயங்காலம்வரை மூன்று பேரும் 'டேக்', 'கோ' என்ற இரண்டு சொல்லிலேயே பொழுதை ஓட்டினார்கள்.

விடுதியில் செல்வின் தன் ஆங்கிலத்தில் அவர்களை விசாரித்தார். பதிலுக்கு அந்தப் பெண் பம்ப் அடித்து, வயிற்றைப் பிடித்து, நாக்கைத் தள்ளிக் காட்டினாள். செல்வினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த மனிதர் அழகரைத் தொட்டு, ஜீப்பைக் காட்டி, "டுமாரோ கோ" என்றார். அது விளங்கியது.

"காலையில ஏழு மணிக்கு வந்துருங்கண்ணே. அந்தப் பையனுக்கு நான் சொல்லிக்கிறேன்."

வீட்டில் நதியா வாசலிலேயே மறித்தாள். "ஏப்பா, பத்தும் சொன்னீகளா?"

"மூணு சொன்னேன்த்தா. அதுக்கு மேல அவுகளுக்கு இங்கிலீஷ் வரல."

சந்தனம்மாள் உள்ளிருந்து சிரித்தது கேட்டது. அழகர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"கீழ எடம் இருக்கு பாரு. வேணாம்ங்கிறத நல்லவிதமாச் சொல்ல ஒரு வரி எழுதிக் குடு."